மூன்று பெருக்கல் குறிகள்

தடகள மைதானத்தில் கோலூன்றித் தாண்டும் போட்டி நடக்கும் இடத்துக்கு அருகே, நடுவரின் மேசை மீது ஒரு தாள் இருக்கும். அதன் இடப்பக்கத்தில் வீரர்களின் பெயர்கள். மேல்வரிசையில் ஏறுமுகமாக உயரங்கள். வீரர் தாண்டிவிட்டால் கட்டத்தில் ஒரு வட்டம். தவறினால் ஒரு பெருக்கல் குறி. அந்த உயரத்தை முயலாமல் கடந்து சென்றால் ஒரு சிறு கோடு. மணிக்கணக்கில் நீளும் போட்டி முழுவதும் இந்த மூன்று குறிகளுக்குள் அடங்கிவிடும்.

நான் கணித ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், பள்ளிகளுக்கிடையிலான மாவட்டப் போட்டிகளில் அந்தத் தாளை எழுதும் பொறுப்பு பலமுறை என்னிடம் வந்ததுண்டு. எழுதி எழுதி ஒன்றைக் கண்டுகொண்டேன். ஓட்டப் பந்தயத்தில் முதலில் வருபவர் வெற்றியோடு ஓட்டத்தை முடிக்கிறார். கால்பந்தில் வென்ற அணி வென்ற கணத்தோடு மைதானத்தை விட்டு வெளியேறுகிறது. கோலூன்றித் தாண்டுதலில் அப்படியில்லை. கடைசி இடம் பெற்றவரின் வரி மூன்று பெருக்கல் குறிகளில் முடிகிறது. முதலிடம் பெற்றவரின் வரியும் பெரும்பாலும் அப்படியே முடிகிறது. பிறரெல்லாம் வெளியேறிய பிறகும் அவர் கம்பியை மேலும் உயர்த்தச் சொல்கிறார்; மூன்று முறை தவறிய பிறகே தங்கப் பதக்கம் வாங்கப் போகிறார்.

அந்த வழக்கத்துக்கு விலக்கான ஒரு வரி, 2025 செப்டம்பர் 15 அன்று மாலை, டோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் எழுதப்பட்டது. உலக தடகள சாம்பியன்ஷிப் போட்டியின் ஆடவர் இறுதிச் சுற்று அது. ஸ்வீடன் வீரர் அர்மாண்ட் டுப்லாண்டிஸ் தங்கத்தை உறுதி செய்துகொண்ட பின், கம்பியை 6.30 மீட்டருக்கு உயர்த்தச் சொன்னார். அதுவரை மனிதர் எவரும் தாண்டியிராத உயரம் அது. மாடி ஒன்று கட்டிய வீட்டின் மொட்டை மாடித் தளத்தை எண்ணிப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். முதல் முயற்சி தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவது முயற்சியில் அவர் மறுபுறம் மெத்தையில் விழுந்தபோது கம்பி அதன் இடத்திலேயே இருந்தது. இரண்டு பெருக்கல் குறிகள், பிறகு ஒரு வட்டம். அதோடு அவர் போட்டியை முடித்துக்கொண்டார். கிரேக்கத்தின் எம்மானுயில் காராலிஸ் 6.00 மீட்டருடன் வெள்ளியும், ஆஸ்திரேலியாவின் கர்டிஸ் மார்ஷல் 5.95 மீட்டருடன் வெண்கலமும் பெற்றனர்.

அந்த ஒரு வட்டத்தை உலகமே கொண்டாடியது. நான் பேச நினைப்பது அதற்கு முன்னிருந்த பெருக்கல் குறிகளைப் பற்றி. இந்த விளையாட்டைப் போலத் தோல்வியை இவ்வளவு ஒழுங்காகப் பதிவு செய்து, இவ்வளவு நியாயமாக எடைபோட்டு, அதற்கு இவ்வளவு இடம் கொடுக்கும் வேறொரு விளையாட்டை நான் அறியேன்.

முதலில் விதிகளைப் பார்ப்போம். ஒரு வீரர் எந்த உயரத்தில் தொடங்குவது என்பதை அவரே முடிவு செய்கிறார். அடுத்தடுத்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும். அந்த மூன்று தவறுகளும் ஒரே உயரத்தில் நிகழ வேண்டும் என்பதில்லை. ஓர் உயரத்தில் ஒருமுறை தவறிவிட்டு, எஞ்சிய இரண்டு முயற்சிகளை அடுத்த உயரத்துக்கு எடுத்துச் செல்லலாம். ஒருவர் மட்டுமே களத்தில் எஞ்சும் வரை, கம்பியை ஒவ்வொரு முறையும் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். தனியாக எஞ்சியவர் தனக்கு வேண்டிய உயரத்தைத் தானே கேட்டுக்கொள்ளலாம்.

கம்பி ஏறத்தாழ நான்கரை மீட்டர் நீளமுள்ளது. இரண்டேகால் கிலோவுக்கு மேல் எடை இருக்கக் கூடாது. இரு பக்கத் தூண்களின் சிறு முளைகள் மீது அது சும்மா கிடத்தப்பட்டிருக்கும், கட்டப்பட்டிருக்காது. உடல் உரசி அது ஆடலாம். விழாமல் இருந்தால் போதும். ஆனால் காற்றில் இருக்கும்போது கையால் பிடித்து அதை நிலைநிறுத்தினால் தவறு. கோலைப் பற்றிய மேற்கை, கால் தரையை விட்ட பிறகு மேலே நகரக் கூடாது. கீழ்க்கை மேற்கையைத் தாண்டி ஏறக் கூடாது. கோலில் மரம் ஏறுவதுபோல் ஏறிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. தாண்டும்போது கோல் முறிந்துபோனால் அது தவறாகக் கணக்கிடப்படுவதில்லை. மீண்டும் ஒரு வாய்ப்பு உண்டு. கருவி கைவிட்டதற்கு ஆள் பொறுப்பில்லை என்பது விதி எழுதியவர்களின் எண்ணம். மனிதர்களை எடைபோடும் வேறு பல இடங்களில் இந்த எளிய நியாயம் கிடைப்பதில்லை.

இருவர் ஒரே உயரத்தைத் தாண்டி அடுத்ததில் தவறினால் யார் முந்தியவர்? இங்கேதான் பெருக்கல் குறிகள் மீண்டும் எண்ணப்படுகின்றன. கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யார் குறைவாகத் தவறினார் என்று முதலில் பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால், அந்த உயரம் வரை மொத்தம் எத்தனை முறை தவறினார்கள் என்று கூட்டிப் பார்ப்பார்கள். அதிலும் சமமாக இருந்தால், முதலிடத்துக்கு மட்டும் மறுபோட்டி உண்டு. மற்ற இடங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான். 2019 தோஹா சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவின் சாம் கென்ட்ரிக்ஸும், அப்போது பத்தொன்பது வயதே ஆகியிருந்த டுப்லாண்டிஸும் 5.97 மீட்டரைத் தாண்டினர். தவறுகளின் கணக்கு கென்ட்ரிக்ஸுக்குச் சாதகமாக இருந்தது. தங்கம் அவருக்குச் சென்றது. 2015 பெய்ஜிங்கில் மூன்று பேர் 5.80 மீட்டரில் எந்த வகையிலும் பிரிக்க முடியாதபடி சமமாக நின்றதால், மூவருக்கும் வெண்கலம் வழங்கப்பட்டது. 2023 புடாபெஸ்டிலும் இருவர் வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆகவே தொடக்கத்தில் செய்த ஒரு சிறு பிழை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பதக்கத்தின் நிறத்தை மாற்றிவிடக்கூடும். அதே சமயம், மூன்றாவது முயற்சியில் தாண்டியவரும் தாண்டியவரே. அவருடைய உயரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூடக் கழிக்கப்படுவதில்லை. ஒருவர் தவறியதே இல்லாமல் 5.90 தாண்டி நின்றுவிட, இன்னொருவர் வழியெங்கும் தவறித் தவறி 5.95 தாண்டினால், வெற்றி இரண்டாமவருக்கே. தவறுகள் மறக்கப்படுவதில்லை, ஆனால் உயரத்துக்கு மேலாக அவை வைக்கப்படுவதுமில்லை. விடைத்தாள்களில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டே காலம் கழித்த எனக்கு, இந்த வேறுபாடு விளங்க நெடுநாள் ஆயிற்று.

இந்த உயரங்கள் எப்படிச் சாத்தியமாகின்றன என்பதும் அறியத்தக்கது. வீரர் நாற்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஓடுபாதையில், ஏறத்தாழ இருபது எட்டுகளில், முழு வேகத்தை எட்டுகிறார். கோலின் நுனி தரையில் பதிக்கப்பட்ட குழியில் முட்டுகிறது. ஓட்டத்தின் ஆற்றல் கோலை வில்லாக வளைக்கிறது; வளைந்த கோல் நிமிரும்போது அந்த ஆற்றலை உடலுக்குத் திருப்பித் தருகிறது. பள்ளிக் கணக்காகவே இதைப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தின் வர்க்கம் நூறு. அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கான 19.6-ஆல் வகுத்தால் சுமார் 5.1 மீட்டர். ஓடும் மனிதனின் எடை மையம் ஏற்கெனவே தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஆறு மீட்டரைச் சற்றே கடக்கிறது. அதற்கு மேல் கிடைப்பது, தலைகீழாகத் தொங்கும் நிலையில் தோளும் வயிறும் செய்யும் வேலை. வேகம் இல்லாதவன் மேலே போக முடியாது என்பதும், வேகம் மட்டும் உள்ளவனாலும் போக முடியாது என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே தெரியும்.

கோலின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெற்றி பெற்ற உயரம் 3.30 மீட்டர். பிறகு மூங்கில் வந்தது. அமெரிக்காவின் கொர்னேலியஸ் வார்மர்டாம் மூங்கில் கோலைக் கொண்டே 1942-இல் 4.77 மீட்டர் தாண்டினார். பின்னர் உலோகக் கோல்கள். 1960-களின் தொடக்கத்தில் கண்ணாடி இழைக் கோல்கள். மூங்கிலும் உலோகமும் சிறிதே வளையும். கண்ணாடி இழை வில்லாக வளையும். 1963-இல் ஐந்து மீட்டர் எல்லை கடக்கப்பட்டது. 1985 ஜூலை 13 அன்று பாரிஸில் செர்கேய் புப்கா ஆறு மீட்டரைத் தாண்டினார். விழும் இடமும் மாறியது. மணலிலும் மரத்தூளிலும் காலூன்றி விழ வேண்டியிருந்த காலம் போய், முதுகைக் கீழே கொடுத்து விழத்தக்க தடித்த மெத்தைகள் வந்தன. பாதுகாப்பாக விழ முடிந்த பிறகே மனிதர்கள் இத்தனை உயரம் முயலத் துணிந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

டோக்கியோவின் அந்த இடத்துக்கே இந்தப் போட்டியோடு நீண்ட தொடர்பு உண்டு. இப்போதுள்ள அரங்கு 2019-இல் கட்டி முடிக்கப்பட்டது; அதே இடத்தில்தான் பழைய தேசிய அரங்கு நின்றிருந்தது. 1964 ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்று அந்தப் பழைய அரங்கில், பகலில் தொடங்கி ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் நீண்டு இரவில் முடிந்தது. அமெரிக்காவின் பிரெட் ஹேன்சனும் ஜெர்மனியின் வொல்ஃப்காங் ரெய்ன்ஹார்ட்டும் மட்டும் எஞ்சினர். 5.05 மீட்டரை ஹேன்சன் முயலாமல் விட்டார். ரெய்ன்ஹார்ட் அதைத் தாண்டிவிட்டார். 5.10-இல் இருவரும் இரண்டிரண்டு முறை தவறினர். இன்னொரு தவறு நேர்ந்தால் தங்கம் ஜெர்மனிக்கு. 1896 முதல் எந்த ஒலிம்பிக்கிலும் இந்தத் தங்கத்தை அமெரிக்கா இழந்ததில்லை என்ற சுமையும் ஹேன்சனின் தோளில் இருந்தது. அவர் மூன்றாவது முயற்சியில் தாண்டினார், ரெய்ன்ஹார்ட் தவறினார்.

1991-இல் உலக சாம்பியன்ஷிப் அதே அரங்குக்கு வந்தபோது புப்கா 5.95 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021-இல், பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போன ஒலிம்பிக்கில், பார்வையாளர் இல்லாத புதிய அரங்கில் டுப்லாண்டிஸ் 6.02 மீட்டருடன் தங்கம் வென்றார். வென்ற பிறகு, உலக சாதனைக்காக 6.19 மீட்டரை மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் தவறினார். வெறும் இருக்கைகளுக்கு முன்னால், தங்கம் வென்ற மனிதரின் வரி மூன்று பெருக்கல் குறிகளில் முடிந்தது. நான்காண்டு கழித்து 6.30-இல் போடப்பட்ட வட்டத்தை அந்தக் குறிகளோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

புப்காவின் பெயரைச் சொன்னதும் எனக்கு என் சொந்தத் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1991-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த ஒரு மாவட்டப் போட்டி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். எங்கள் பள்ளிப் பையன். மூங்கில் கோலும் மணற்குவியலும்தான் வசதி. மற்றவர்கள் இரண்டு மீட்டர் சொச்சத்தில் தொடங்கியபோது அவன் சிறு கோடு, சிறு கோடு என்று தவிர்த்துக்கொண்டே வந்தான். பள்ளி மைதானத்தில் எளிதாகத் தாண்டிய உயரத்தில் நேராகத் தொடங்குவது அவன் திட்டம். அது வந்தபோது மூன்று முறையும் தவறினான். அவன் வரியில் வட்டமே இல்லை. முடிவுப் பட்டியலில் பெயருக்கு நேராக உயரம் ஏதும் எழுத வழியில்லை.

தாளை எழுதிக்கொண்டிருந்த நான், எல்லோரும் கேட்கும்படிச் சொன்னேன்: “எல்லாரையும் போலக் கீழேயிருந்து தொடங்கியிருந்தா ஒரு சான்றிதழாவது கிடைச்சிருக்கும். இப்ப நீ வந்துட்டுப் போனதுக்கே அடையாளம் இல்லையேப்பா.” அவன் பதில் சொல்லவில்லை. கோலைக் கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனான். அந்த ஆண்டு முழுவதும் மைதானத்தில் நான் அவனைப் பார்க்கவில்லை.

1992 ஆகஸ்டில் பார்சிலோனா ஒலிம்பிக் வந்தது. புப்காவுக்கு அப்போது நிகரில்லை. முந்தைய ஒலிம்பிக்கின் தங்கமும் மூன்று உலக சாம்பியன் பட்டங்களும் அவர் வசம் இருந்தன. இறுதிச் சுற்றில் பிறர் தொடங்கிய உயரங்களை அவர் தவிர்த்துக்கொண்டே வந்து, 5.70 மீட்டரில் தொடங்கினார். இரண்டு முறை தவறினார். எஞ்சிய ஒரு முயற்சியை 5.75-க்கு எடுத்துச் சென்றார். அதுவும் தவறியது. உலகின் தலைசிறந்த வீரரின் பெயருக்கு நேராக உயரம் ஏதும் இல்லை. நாளிதழில் அந்தச் செய்தியைப் படித்தபோது என் கை சற்று நடுங்கியது. அந்தப் பையன் செய்ததைத்தானே இவரும் செய்திருக்கிறார்! செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். கொடுக்க ஆள் இல்லை. பையன் தேர்வு முடித்து ஊரை விட்டுப் போயிருந்தான்.

புப்காவின் பிற்பாதிக் கதையை அவன் அறிந்திருக்க வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. பார்சிலோனாவுக்கு அடுத்த ஆண்டே, 1993 பிப்ரவரியில், தோனெத்ஸ்க் நகரில் உள்ளரங்கப் போட்டியில் 6.15 மீட்டர் தாண்டினார்; அந்தச் சாதனை இருபத்தொரு ஆண்டுகள் நின்றது. 1993 ஸ்டட்கார்ட், 1995 கோத்தன்பர்க், 1997 ஏதென்ஸ் என மேலும் மூன்று உலகப் பட்டங்கள். 1983 ஹெல்சின்கியில் தொடங்கி மொத்தம் ஆறு. உலக சாதனையை அவர் முறியடித்தது முப்பத்தைந்து முறை. ஆனாலும் ஒலிம்பிக்கில் 1988 சியோலில் பெற்ற ஒரே தங்கத்தோடு நின்றுபோனார். 1996-இல் காயத்தால் தாண்டவே முடியவில்லை. 2000 சிட்னியில் மீண்டும் உயரமில்லாத முடிவு. ஆறு பட்டங்களும் அவருடையவை. அந்தப் பெருக்கல் குறிகளும் அவருடையவை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் வாழ்க்கை வரலாறு முழுமையாகாது.

பிரான்ஸின் ரெனோ லாவிலனி இன்னொரு வகை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 2014-இல் புப்காவின் அந்த 6.15-ஐ, அதே தோனெத்ஸ்கில், புப்காவின் கண்முன்னே 6.16 தாண்டி முறியடித்தவர். ஆயினும் திறந்தவெளி உலக சாம்பியன் பட்டம் அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. 2009, 2011, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் வெண்கலம். 2013 மாஸ்கோவில், வென்றவர் தாண்டிய அதே 5.89 மீட்டரைத் தாண்டியும், தவறுகளின் கணக்கில் வெள்ளி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிரேசிலின் தியாகோ பிராஸ் 6.03 தாண்டியபோது, இரு முறை தவறியிருந்த லாவிலனி, கடைசி முயற்சியை 6.08-க்கு எடுத்துச் சென்று தவறினார். உள்ளூர்க் கூட்டம் அவரைப் பரிகசித்துக் கூச்சலிட்டது. பதக்க மேடையிலும் விடவில்லை. தோற்றவனை நோக்கிக் கூச்சலிடும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. அன்று மைதானத்தில் பேனாவும் தாளுமாக அமர்ந்திருந்த நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் எர்ல் மெடோஸ் 4.35 மீட்டருடன் தங்கம் வென்றார். ஜப்பானின் ஷுஹெய் நிஷிதாவும் சுவேயோ ஓயேவும் 4.25 மீட்டருடன் அடுத்து நின்றனர். வெள்ளி நிஷிதாவுக்கும் வெண்கலம் ஓயேவுக்கும் என்று முடிவாயிற்று. நாடு திரும்பிய நண்பர்கள் இருவரும் இரண்டு பதக்கங்களையும் நடுவே வெட்டச் செய்து, பாதி வெள்ளியும் பாதி வெண்கலமுமாக ஒட்டவைத்து, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டனர். நட்புப் பதக்கங்கள் என்று இன்றும் அவை பேசப்படுகின்றன. ஓயே 1941-இல் போரில் இறந்தார். நிஷிதா 1997 வரை வாழ்ந்தார். யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்று கணக்குப் போட்டுப் பிரித்ததை, இருவர் தம் கையால் சேர்த்துக்கொண்டார்கள்.

இனி, இந்தப் போட்டியைப் பற்றி அடிக்கடி எழும் ஒரு குறைக்கு வருகிறேன். புப்காவும் டுப்லாண்டிஸும் சாதனையை ஒவ்வொரு சென்டிமீட்டராகவே உயர்த்துவது பணத்துக்காகத்தான் என்பது அந்தக் குறை. 2020 பிப்ரவரியில் 6.17-இல் தொடங்கி 2025 செப்டம்பரில் 6.30 வரை, டுப்லாண்டிஸ் பதினான்கு முறை சாதனை படைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் ஏற்றம். ஒவ்வொரு சாதனைக்கும் பரிசுத் தொகை உண்டு. டோக்கியோ சாம்பியன்ஷிப்பில் அது ஒரு லட்சம் டாலர். முடிந்தால் ஒரேயடியாக ஐந்து சென்டிமீட்டர் உயர்த்த வேண்டியதுதானே என்று கேட்கிறார்கள்.

பணம் ஒரு காரணமே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். உடலை முதலீடாக வைத்துச் சில ஆண்டுகள் மட்டுமே சம்பாதிக்க முடிந்தவர்கள் கணக்குப் பார்ப்பதில் தவறுமில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் ஒன்று விடுபட்டுப் போகிறது. தங்கத்தை வென்ற பிறகு மேலும் தாண்ட வேண்டும் என்று எந்த விதியும் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. வென்றவராகவே, தவறாதவராகவே அவர் வீட்டுக்குப் போகலாம். அதை விடுத்து, அரங்கமே தன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், தவற அதிக வாய்ப்புள்ள ஓர் உயரத்தை அவரே கேட்டு வாங்குகிறார். தனியாக எஞ்சியவருக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் சில நிமிடங்களே தரப்படும். களைத்த கால்களோடு அந்த நேரத்துக்குள் மீண்டும் ஓட வேண்டும். நேற்றைய தன்னைவிட ஒரு விரற்கடை அளவாவது மேலே போக முடியுமா என்று பார்ப்பதற்கு, ஒரு சென்டிமீட்டரே நேர்மையான அளவு என்று எனக்குத் தோன்றுகிறது. கல்வியிலும் தொழிலிலும் நம்மில் பெரும்பாலோர் ஏறியது அப்படித்தான். பாய்ச்சலாக ஏறியவர் சிலரே.

ஓய்வு பெற்று ஆண்டுகள் பல ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் வரும் செய்திகளைப் படிக்கும்போது, சுவரோரம் சாய்த்துவைக்கப்பட்ட அந்த மூங்கில் கோல் என் கண்முன் வருகிறது. ஒரு தாளில் விழுந்த குறிகளைப் பார்த்து, வந்து போனதற்கே அடையாளம் இல்லை என்று ஒரு பிள்ளை தன்னைப் பற்றி முடிவு கட்டிக்கொள்கிறது. அந்த முடிவை அதன் வாயில் வைத்தவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற பெரியவர்கள். மைதானத்தில் முறிந்த கோலுக்கு விதி மன்னிப்பு வைத்திருக்கிறது. மூன்றாவது முயற்சியில் தாண்டியவரின் உயரத்தைக் குறைக்காமல் எழுதுகிறது. விழுபவனுக்குக் கீழே மெத்தை போட்டிருக்கிறது. ஒரு விளையாட்டுக்கு இருக்கும் இந்த முன்யோசனை, பள்ளிக்கும் வீட்டுக்கும் இருந்தால் போதும் என்றே கேட்கத் தோன்றுகிறது.

அன்று நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அவன் வரியில் வட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த உயரத்தை நோக்கி மூன்று முறை ஓடினான் என்பதற்குத் தாளிலேயே சான்று இருந்தது. அதை என் கையாலேயே எழுதியிருந்தேன். வராதவனின் கட்டங்கள் வெறுமையாகவே கிடக்கும். பெருக்கல் குறி, வந்து முயன்றவனுக்கு மட்டுமே விழும். அவனுக்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். எங்கிருந்தாலும், டோக்கியோவின் அந்த மாலையை அவனும் பார்த்திருப்பான் என்று நம்ப விரும்புகிறேன்.